ஓர்க்காக்களின் பசியும் எங்கள் ஊர் பம்பும்

வான்கூவர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். பருப்புப்பொடி டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். அடியில் பழைய சேலையில் சுற்றியிருந்த கனமான பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது.

“இது என்ன?”

“பேரிங்.”

“எதற்கு?”

“பம்புக்கு.”

“பம்ப் எதற்கு?”

“மீனுக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மீன் எதற்கு என்றும் கேட்டிருந்தால் திமிங்கிலத்துக்கு என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை. பொட்டலத்தைத் திருப்பித் தந்து, போகச் சொல்லிவிட்டார். என் உள்ளங்கை இரண்டும் ஈரமாக இருந்தன. அவருக்குப் பயந்து அல்ல.

நான் கோயம்புத்தூர்க்காரி. பெயர் ரூபி. வீடு போத்தனூரில். சரவணம்பட்டியைத் தாண்டி இருக்கும் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டெஸ்டிங் பகுதி என் பொறுப்பு. ஒவ்வொரு பம்பும் எங்கள் சோதனைத் தொட்டியில் ஓடி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். சென்ற வருடம் அப்படிப் போன இரண்டு போர்வெல் பம்புகளை வான்கூவர் தீவில், கடலுக்குப் பக்கத்தில், ஒரு மீன்குஞ்சு பொரிப்பகத்தில் மாட்டியிருந்தார்கள். அங்கே வளர்ப்பது சினூக் என்கிற பெரிய ஜாதி சால்மன். அந்தக் கடலில் திரியும் ஓர்க்காத் திமிங்கிலங்களில் ஒரு கூட்டத்துக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. இரண்டு பம்பில் ஒன்று அடிக்கடி தானாக நின்றுபோகிறது என்று அங்கிருந்து கடிதம் வந்தது.

“அம்மணி, நீயே ஒரு எட்டு போயிட்டு வந்துரு. பேரிங்காத்தான் இருக்கும். அதைய மாத்திப்போட்டு, அப்படியே ரெண்டு போட்டோவும் எடுத்துட்டு வா” என்றார் எங்கள் முதலாளி. அறுபது வயதுக்காரர். இப்போது கம்பெனி நிற்கிற இடம் அவருடைய அப்பா காலத்தில் பருத்திக் காடு. என் அப்பா அம்மா அந்த மாதிரிக் காடுகளில் கூலிக்குப் போனவர்கள். அப்பா கடைசிவரை கைநாட்டுதான். எங்கள் குடும்பத்திலிருந்து கடல் தாண்டிப் போன முதல் கையெழுத்து என்னுடையது.

பேரிங்காக இருக்க வேண்டும் என்று விமானத்தில் வழிமுழுக்க ஜெபித்துக்கொண்டு வந்தேன். காரணம் இதுதான். அந்த இரண்டு பம்புகளில் முதலாவதை நான் ஒழுங்காகச் சோதித்தேன். இரண்டாவதைத் தொட்டியில் இறக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ரிப்பேர். வெளியே கன்டெய்னர் லாரி காத்திருந்தது, கப்பல் மறுநாள். முதல் பம்பின் அளவுகளையே இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றி எழுதி, இரண்டாவதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரே மாதிரிப் பம்புதானே என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

கெட்டுப்போனது முதலாவதா, இரண்டாவதா? எண் பம்பின் உடம்பில் பொறித்திருக்கும். பம்போ கிணற்றுக்குள். எந்தக் கிணற்றில் எதை இறக்கினோம் என்று அவர்கள் குறித்து வைக்கவில்லை. மேலே எடுத்தால்தான் தெரியும்.

தீவுக்குப் போகும் கப்பல் காற்றினால் ரத்தாகியிருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டால் சீட்டுக் கொடுக்கிற பெண் வானத்தைக் காட்டினாள். காத்திருக்கும் கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பசிக்குச் சிப்பி சூப் ஒன்று வாங்கினேன். மைதாக் கஞ்சியில் உப்பைக் கொட்டிய மாதிரி இருந்தது. ஆனால் சூடாக இருந்தது. மே மாதத்தில் சூட்டைத் தேடிச் சாப்பிடுவது எனக்கு அதுவே முதல் தடவை. கிளம்பும்போது கோயம்புத்தூரில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் கப்பல் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே வெறும் மூட்டம். எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி.

“இன்றைக்குத் திமிங்கிலம் தெரியுமா?” என்றார் கணவர்.

“நாம் இருக்கிற கப்பலே எனக்குத் தெரியவில்லை” என்றார் மனைவி.

இறங்கியதும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஞானராஜ் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். அவருடைய தம்பி காரமடைப் பக்கம் குத்தகைக்கு வாழை போட்டிருக்கிறார்.

“சேர்ந்துட்டயா புள்ள? சாப்பிட்டயா?”

“சாப்பிட்டனுங்க. அங்க ஒண்ணும் விசேசம் இல்லீங்களே?”

“தம்பி வாழைக்குள்ள யானை எறங்கிப்போட்டுதாம். பட்டப்பகல்ல. அரைக் காடு போச்சுங்கறான். மலைக்காட்டுக்குள்ள தீனி இல்ல, அது என்ன பண்ணும், பாவம். இவன் என்ன பண்ணுவான், அதுவும் பாவம்.”

பசித்த யானை நம் பக்கம் இறங்கி வந்துவிடுகிறது. நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கடலில் பசித்திருப்பது யாரிடம் வரும் என்று அப்போது நினைத்தேன்.

*

மறுநாள் காலை பொரிப்பகத்தின் பொறுப்பாளர் என்னை அழைத்துப் போக வந்தார். பெயர் மார்லீன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்த ஆற்றங்கரையின் ஆதிக்குடியைச் சேர்ந்தவர். ரப்பர் பூட்ஸ், நரைத்த ஒற்றைச் சடை. பேச்சு குறைவு. வண்டியில் ஏறியதும், “உன் பம்ப் நான்கு மணி நேரம் ஓடுகிறது, பிறகு செத்துப்போகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது” என்றார்.

பேரிங் போனால் சத்தம் வரும், அப்புறம் ஒரேயடியாக நிற்கும். ஓடிச் சூடாகி நிற்பது வேறு வியாதி.

பொரிப்பகம் என்றால் ஏதோ பெரிய ஃபேக்டரி என்று நினைத்திருந்தேன். ஆற்றோரம் ஒரு தகரக் கொட்டகை, நான்கு நீளமான கான்கிரீட் தொட்டிகள், இரண்டு கிணறுகள், மார்லீனோடு சேர்த்து மூன்று பேர். அவ்வளவுதான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். விரல் நீளத்தில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே திசையைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தன. நிழல் விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின.

“இன்னும் பத்து நாளில் ஆற்றில் விடுவோம். கடலுக்குப் போய், பெரிதாகி, மூன்று நான்கு வருடம் கழித்துத் திரும்பி வரும். வருகிற வழியில் ஓர்க்காக்கள் காத்திருக்கும்” என்றார் மார்லீன். “முன்பெல்லாம் யாரும் வளர்க்க வேண்டியதில்லை. ஆறே வளர்த்தது. மலையில் மரத்தை வெட்டினார்கள், மண் சரிந்து முட்டையை மூடியது. இப்போது நாங்கள் வளர்க்கிறோம்.”

“ஒரு பம்ப் மட்டும் போதுமா?”

“இப்போதைக்குப் போதுகிறது. அதுவும் நின்றால் நிறைய நேரம் கிடைக்காது.”

பம்பைத் தூக்க கிரேன் லாரி வர இன்னும் இரண்டு நாளாகும் என்றார். அதுவரை ஓடுகிற பம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேலையில்லை. கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஓடிப்போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன்.

மதியம் மார்லீன் புகை போட்ட மீன் தந்தார். கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன்.

“சாப்பிடு. இது சினூக் இல்லை, வேறு வகை சால்மன். ஓர்க்காவின் தட்டிலிருந்து எடுக்கவில்லை.”

மரக்கட்டையைப் போலத் தோன்றினாலும் வாயில் போட்டதும் கரைந்தது. பதிலுக்குச் சாயந்திரம் கொட்டகை அடுப்பில் அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். பருப்பை என் பெட்டியில் கொண்டுபோயிருந்தேன், நெய்க்குப் பதில் வெண்ணெய். மூன்று பேரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். “உன் ஊரில் எல்லோரும் பம்பும் செய்து சாதமும் செய்வார்களா?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைக் குத்தியது. இவர்களிடம் நான் இப்படிச் சோறு போட்டுப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

*

மூன்றாம் நாள், நான் சும்மா சுற்றுவதைப் பார்க்க முடியாமல் மார்லீன் என்னைக் கலங்கரை விளக்கம் இருக்கும் முனைக்கு அழைத்துப் போனார். அங்கே கார்ல் என்பவர் தினமும் உட்கார்ந்திருப்பார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மடக்கு நாற்காலி, ஃப்ளாஸ்க், பெரிய தொலைநோக்கி, ஒரு நோட்டு. எந்த ஓர்க்கா எப்போது போகிறது என்று பார்த்து எழுதி, அதை ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்புவார். படகில் கிட்டே போகக் கூடாதாம். என்ஜின் சத்தம் இருந்தால் அவற்றுக்கு மீன் இருக்கும் இடம் சரியாகக் கேட்காது. ஒலியை வைத்துத்தான் அவை வேட்டையாடுகின்றன.

ஒரு மணி நேரம் வெறும் கடல். பிறகு கார்ல், “அதோ” என்றார்.

நீரிலிருந்து கறுப்பாக ஒரு முதுகுத் துடுப்பு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. ஓர் ஆள் உயரம் இருக்கும். லாரி டயரில் காற்றைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு மூச்சு. பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. நான் பாறையைப் பிடித்துக்கொண்டேன். என்னையறியாமல் “ஏசப்பா” என்றேன்.

கார்லுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு ஃப்ளாஸ்கைத் திறந்தார்.

“இவை நம்முடையவை இல்லை. இவை கடல்நாயைத் தின்கிற கூட்டம். கடல்நாய் நிறைய இருக்கிறது, அதனால் உடம்பு தளதளவென்று இருக்கிறது. மீன் தின்கிற கூட்டம் வேறு. அவை பசித்துச் செத்தாலும் கடல்நாயைத் தொடுவதில்லை. அம்மா எதைக் கற்றுக்கொடுத்தாளோ அதைத்தான் தின்னும். சினூக் வேண்டும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து இருபது நாள் ஆகிறது.”

“எத்தனை இருக்கின்றன?”

அவர் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டதும் எனக்குக் காலை எட்டரை மணிக்குக் காந்திபுரத்தில் கிளம்புகிற டவுன்பஸ் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு பஸ்ஸில் ஏறுகிற கூட்டம்தான் மொத்தமே. அதற்கு மேல் உலகத்தில் இல்லை.

திரும்பும் வழியில் மார்லீன் “இருபது நாள்” என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

*

நான்காம் நாள் காலை கிரேன் லாரி வந்தது. பம்ப் சேறும் நீருமாக மேலே வந்தபோது நான்தான் முதலில் ஓடினேன். துணியால் துடைத்தேன். எண்ணைப் பார்த்தேன்.

இரண்டாவது பம்ப்.

கழற்றி, உள்ளே இருந்த இம்பெல்லர்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். இம்பெல்லர் என்பது தண்ணீரை மேலே தள்ளுகிற வெண்கலச் சக்கரம். நம் ஊர் கரண்டைவிட அங்கத்திய கரண்ட் மோட்டாரை வேகமாகச் சுழற்றும். அதனால் அங்கே போகிற பம்புக்குச் சக்கரத்தின் விளிம்பைக் கடைந்து, விட்டத்தைக் குறைத்துத்தான் கோக்க வேண்டும். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஆறில் ஒன்றுகூடக் கடையப்படவில்லை. யாரோ தவறான பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்திருக்கிறார்கள். சோதனைத் தொட்டியில் கால் மணி நேரம் ஓட்டியிருந்தால் ஆம்பியர் முள்ளே காட்டிக் கொடுத்திருக்கும். மோட்டார் தன் சக்திக்கு மேல் இழுத்து இழுத்துச் சூடாகி, இத்தனை நாள் நின்று நின்று போயிருக்கிறது.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அளவுகோலை மூடினேன். அந்த நேரம் பார்த்து அபாயச் சங்கு ஊதியது.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு கேட்டது, அல்லது கேட்காமல் போனது: தண்ணீர் விழுகிற சத்தம் நின்றிருந்தது. ஓடிக்கொண்டிருந்த பம்பும் நின்றுவிட்டது.

மார்லீனும் மற்ற இருவரும் ஆக்சிஜன் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். குழாய் மூன்று தொட்டிகளுக்குத்தான் இருந்தது. நான் மின்பெட்டிக்கு ஓடினேன். திறந்ததும் கருகிய வாடை. மோட்டாருக்குக் கரண்டைச் சேர்க்கிற கான்டாக்டர் எரிந்துபோயிருந்தது. ஓய்வே இல்லாமல் ஒற்றைப் பம்பையே ஓட்டிய வினை. கழற்றி வைத்த பம்பின் மின்பெட்டியில் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. அதை எடுத்து இதில் போட வேண்டும். கோயம்புத்தூரில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அங்கே ஸ்க்ரூ என் விரலில் நிற்கவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது. குனிந்து தேடும்போது தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகரத்தில் மழை விழுவது போல. ஆயிரக்கணக்கான மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம்.

“எவ்வளவு நேரம்?” என்று மார்லீன் கத்தினார்.

“ஐந்து நிமிடம்!” என்றேன். அதையே மூன்று தடவை சொன்னேன்.

பம்ப் ஓடத் தொடங்கியபோது மூன்று தொட்டிகள் பிழைத்திருந்தன. நான்காம் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். அதில் பெரும்பாலானவை வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மார்லீன் அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

செத்தவற்றை வலையால் அள்ளினோம். நானும் அள்ளினேன். அரை மணி நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“மார்லீன், அந்தப் பம்பை நான் சோதிக்கவில்லை” என்றேன். “சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அது நன்றாக இருந்திருந்தால் இது நின்றதும் அது ஓடியிருக்கும்.”

அவர் வலையை நிறுத்தவில்லை. “நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்குமா?”

“தெரிந்திருக்காது.”

“பிறகு ஏன் சொல்கிறாய்?”

“நாளைக்குச் சரிசெய்து கொடுப்பேன். என்னை நம்பித்தான் மாட்டுவீர்கள். தெரிந்துகொண்டு மாட்டுங்கள்.”

இன்னும் இரண்டு வலை அள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னார்: “நான்காம் தொட்டிதான் இந்த வருடம் நன்றாக வளர்ந்தது.” என் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, “அழாதே. அழுதால் நான் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு இப்போது அது முடியாது” என்றார்.

*

ஐந்தாம் நாள் காலை முதலாளிக்குப் போன் செய்தேன். அங்கே சாயந்திரம். எல்லாவற்றையும் சொன்னேன். மறுபக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“சார், இருக்கீங்களா?”

“இருக்கறேன். ஏன் அம்மணி, வேற எதுலயாச்சும் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கயா?”

“இல்லீங்க சார். இது ஒண்ணுதானுங்க.”

“இத நான் நம்போணுமல்ல. இத்தன வருசம் உங்கையெழுத்தப் பார்த்தா நான் பம்பப் பார்க்கறதில்ல. இனிமே பார்க்கோணும். அதைய நல்லபடியா முடிச்சுக் குடுத்துப்போட்டு வா. வந்தொடனே டெஸ்டிங் சாவியக் குடுத்துரு. அசெம்பிளி செக்சன்ல நில்லு. அப்பறம் பார்க்கலாம்.”

“சரிங்க சார்.”

“சாப்பிட்டயா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிட்டார்.

ஊரில் ஒரு படகு ரிப்பேர் பட்டறை இருந்தது. அங்கே ஒரு பழைய லேத். பட்டறைக்காரர், “நான் கடைந்து தருகிறேன்” என்றார். நானே செய்கிறேன் என்றேன். முதல் சக்கரத்தை மாட்டி, உளி தொட்டு வெண்கலச் சுருள் மஞ்சளாகச் சுருண்டு விழுந்ததும் அவர் தள்ளி நின்றுகொண்டார். எங்கள் ஊர்க் கணபதிப் பகுதியின் பட்டறைகளில் நான் கேட்டு வளர்ந்த அதே சத்தம்.

மார்லீன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் மூன்று இடத்தில் அளந்து சொல்லச் சொன்னார். நான் சொல்வதை எழுதவில்லை. அளவுகோலை வாங்கி, தானே பார்த்து எழுதினார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்படித்தான் செய்ய வேண்டும் என்றும் தெரிந்தது. ஆறு சக்கரம் முடியச் சாயந்திரம் ஆனது.

ஆறாம் நாள் பம்பைக் கோத்து இறக்கினோம். ஸ்விட்சைப் போட்டபோது நான் ஆம்பியர் முள்ளைப் பார்க்கவில்லை, மார்லீனின் முகத்தைப் பார்த்தேன். நான்கு மணி நேரம் தாண்டியது. ஐந்து. ஆறு. மணிக்கு ஒரு தடவை அவர் வந்து எழுதிக்கொண்டு போனார். எட்டாவது மணியில், “முள் அசையவில்லை” என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள், இனிமேல் இவற்றைத் தொட்டியில் வைத்திருக்க மனசு வரவில்லை என்று மார்லீன் மீன்களை முன்கூட்டியே ஆற்றில் விட முடிவு செய்தார். வெயில் தாழ்ந்ததும் அகலமான குழாய் வழியாகத் திறந்துவிட்டார்கள். மூன்று தொட்டி மீன்கள் கறுப்புக் கயிறாக ஆற்றில் இறங்கின. இறங்கிய உடனே ஒரு நீர்க்காக்கை வந்து நான்கைந்தைக் கொத்திக்கொண்டு போனது. நான் கல்லை எடுத்தேன். மார்லீன் தலையை ஆட்டினார். கல்லைக் கீழே போட்டேன். இதில் எத்தனை கடலைப் பார்க்கும், அதில் எத்தனை திரும்பி வரும் என்று கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டேன்.

*

எட்டாம் நாள் காலை, கப்பல் துறைக்குப் போகிற வழியில் மார்லீனின் போன் அடித்தது. கார்ல்தான். மார்லீன் வண்டியை முனைப் பக்கம் திருப்பினார்.

பாறை மேல் கார்ல் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கடலில் துடுப்புகள் தள்ளித் தள்ளித் தெரிந்தன. கடல்நாய் தின்கிற கூட்டம் போல நெருங்கிப் போகவில்லை. ஆளுக்கொரு பக்கமாகத் தேடிக்கொண்டே போயின. கார்ல் துடுப்பின் வெட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, மார்லீன் விரல் விட்டு எண்ணினார். யாரோ ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று கார்லின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எல்லோரும் இருக்கிறார்கள்” என்றார் கடைசியில். பிறகு தொலைநோக்கியை என்னிடம் தந்தார். “கரைக்குப் பக்கத்தில் வருகிறாளே, அவளைப் பார். தலைக்குப் பின்னால்.”

பார்த்தேன். தலைக்கும் முதுகுக்கும் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. கொழுப்பு வற்றினால் அப்படி ஆகுமாம். அவளுக்குப் பின்னால் அவளைவிடப் பெரிதாக ஒரு மகன். வளர்ந்த பிறகும் மகன்கள் அம்மாவை விட்டுப் போவதில்லை.

அவள் மூழ்கினாள். கார்ல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். இரண்டு. கடல் வெறுமையாகக் கிடந்தது. மூன்று. என் மூச்சு எனக்கே கேட்டது. நான்கு.

எதிர்பார்க்காத இடத்தில் வெளியே வந்தாள். வாயில் குறுக்காக வெள்ளியாய் ஒரு மீன், என் கை நீளம். மார்லீன் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. நான் அசையவில்லை.

மகன் பக்கத்தில் வந்தான். அவள் மீனைக் கடித்து, அசைத்துப் பிய்த்தாள். ஒரு பாதி அவனுக்குப் போனது.

“எப்போதும் கொடுத்துவிடுகிறாள்” என்றார் கார்ல். சந்தோஷமா வருத்தமா என்று அவர் குரலில் தெரியவில்லை.

மார்லீன் கையை எடுத்தார். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நேற்று விட்டது திரும்பி வர நான்கு வருடம். அதுவரை இவள் இருக்க வேண்டும்.”

நான்காம் தொட்டியைப் பற்றி இருவருமே பேசவில்லை. கப்பல் துறையில் இறங்கியபோது அவர் கை கொடுத்தார். “அடுத்த வருடம் இன்னொரு பம்ப் வேண்டியிருக்கும்” என்றார். “உங்களிடம் வாங்குவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.”

“சரி” என்றேன். வேறென்ன சொல்ல.

கப்பல் கிளம்பி அரை மணி நேரத்தில் அதிர்வு குறைந்தது. என்ஜினைத் தணித்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் மாலுமி பேசினார்: முன்னால் ஓர்க்காக்கள் மீன் தேடிக்கொண்டிருக்கின்றன, அவை தாண்டிப் போகும் வரை மெதுவாகப் போவோம், தாமதத்துக்கு மன்னிக்கவும். பாதிப் பேர் ஜன்னலுக்கு ஓடினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

“எனக்கு விமானம் இருக்கிறது” என்றார்.

“எனக்கும்தான்” என்றேன்.

ஜன்னல் வழியாக ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறக் கடல், அதன் மேல் மெதுவாக நகர்கிற எங்கள் நிழல். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விமானத்தைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. கப்பல் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா என்றுதான் இருந்தது.